தொண்ணூறு ஆள் தண்ணி

எங்க ஆட்டோவுல, டிரைவர் சீட்டுக்குப் பின்னால, ஏறி உக்காருறவங்க கண்ணுக்கு நேரா ஒரு கெமிஸ்ட்ரி ஆவர்த்தன அட்டவணை ஒட்டியிருந்துச்சு. பசறை ஸ்டாண்டுல மத்த வண்டிகள்ல சாமி படம் இருக்கும், நடிகர் படம் இருக்கும். என் வண்டியில மட்டும் ஐதரசன்ல ஆரம்பிச்சு வாயில நுழையாத பேரு வரைக்கும் கட்டம் கட்டமா இருக்கும். "இது என்ன தம்பி, லொத்தர் சீட்டா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. "ஆமாக்கா, வீட்டுக்காரிக்கு விழப்போற லொத்தர்"னு சொன்னேன். அந்த அக்காவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்த என் வீட்டுக்காரி முதுகுல ஒரு குத்து விட்டா. ஒட்டினவ அவதான்.

அப்ப அவ ஏ.எல், அதான் உயர்தரப் பரீட்சை, மூணாவது தடவை எழுதுறதுக்குப் படிச்சுக்கிட்டிருந்தா. முதல் ரெண்டு தடவையும் உயிரியல் பாஸ், பௌதிகவியல் பாஸ், கெமிஸ்ட்ரி மட்டும் கவுத்து விட்டிருச்சு. தாதியர் பயிற்சிக்குப் போகணும்னா மூணு பாடமும் ஒரே தடவையில பாஸாகியிருக்கணும்னு சொன்னாங்க. இதையும் விட்டா அப்புறம் வயசு இடம் குடுக்காது. அதாவது இதுதான் கடைசி.

நர்ஸாகணும்ங்கிறது அவளுக்குச் சும்மா வந்த ஆசை இல்ல. அவ பள்ளிக்கூடம் போற காலத்துல, மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அவங்க அம்மாவைக் குளவி கொட்டிருச்சு. முகமெல்லாம் வீங்கி, பதுளை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க. அந்த வார்டுல இருந்த நர்ஸு தங்கமான பிள்ளையாம். ஆனா அதுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் நாலு வார்த்தைக்கு மேல வராது. நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லத் தெரியாம அந்த மனுசி நெஞ்சைக் காட்டி அழுதிருக்கு. பள்ளிக்கூட உடுப்போட ஓடிப்போய் நின்ன மகதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழி பெயர்த்திருக்கா. "நான் போறதுக்கு இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா அம்மா என்ன சொல்லியிருப்பாங்க, யாருக்குச் சொல்லியிருப்பாங்க?"ன்னு கல்யாணமான புதுசுல என்கிட்டக் கேட்டா. படின்னு மட்டும் சொன்னேன்.

நான் சாதாரணதர ஓ.எல்லோட படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டவன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல வரும், பொறுமைன்னா எந்தக் கடையில விக்குதுன்னு கேப்பேன். ஆனா ஹயர், அதான் சவாரி, வராத நேரத்துல ஆட்டோக்காரனுக்கு என்ன வேலை? அவ பின் சீட்டுல உக்காந்து சத்தம் போட்டுப் படிப்பா, நான் முன் சீட்டுல திரும்பி உக்காந்து குறுக்குக் கேள்வி கேப்பேன். ஹயர் வந்தா, இடம் இருந்தா கூடவே வருவா, இல்லைன்னா புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துக் கடை பெஞ்சுல போய் உக்காந்துருவா. நான் திரும்பி வந்ததும் விட்ட வரியில இருந்து ஆரம்பிப்பா. அந்த மன உறுதியை நான் வேற எங்கயும் பாத்ததில்ல, சத்தியமா சொல்றேன்.

ஒருநாள் சாரணுத்திணிவுன்னு ஒண்ணு படிச்சா. காபனுக்குப் பன்னிரண்டு, ஒட்சிசனுக்குப் பதினாறு, கந்தகத்துக்கு முப்பத்திரண்டு. "பதினாறு என்ன? கிலோவா, கிராமா?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. அலகு கிடையாது. வெறும் பதினாறு."

"அலகில்லாம ஒரு எடையா? கடைக்காரன் உனக்கு அப்படி நிறுத்துக் குடுத்தா சும்மா விடுவியா? கடையவே தூக்கிருவ!"

"ஐயோ, ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டுச் சொல்றதுங்க இது. இதை விட அது எத்தனை மடங்கு பாரம்னு."

அவ அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சிருச்சு. ஏன்னா அதே கணக்கைத்தான் நாங்க ஸ்டாண்டுல நாள் பூரா போடுறோம். பசறையில இருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வளைவும் ஏத்தமும்தான். வண்டி இழுக்குமா இழுக்காதான்னு ஏறுறதுக்கு முந்தியே தெரியணும். எந்த ஆட்டோக்காரனும் கிலோ கேக்கமாட்டான். எத்தனை ஆள்னு கேப்பான். வெலிமடையில இருந்து வந்த உருளைக்கிழங்கு மூட்டை ஒரு ஆள். சீமெந்துப் பை ஒரு ஆள். கேஸ் சிலிண்டர் அரை ஆள். "ரெண்டு பேரு, ஒரு மூட்டை, ஒரு சிலிண்டர்"னா மூணரை ஆள், கடைசி ஏத்தத்துல ஒருத்தர் இறங்கி நடக்கணும். எங்க சாரணுத்திணிவு இதுதான்னு பெருமையா சொன்னேன்.

அவ புத்தகத்தை மடக்கி வச்சா. அப்புறம் கேட்டா, "எந்த ஆளு? உங்க பெரிய மாமா மாதிரி ஆளா, எங்கம்மா மாதிரி ஆளா?"

எங்க பெரிய மாமா ஏறினா ஆட்டோ ஒரு பக்கமா சாயும். அவங்க அம்மா ஏறினா யாரும் ஏறினதாவே தெரியாது. ரெண்டு பேரையும் ஒரே ஆள்னுதான் இத்தனை நாளா எண்ணியிருக்கேன்னு ஒத்துக்கிட்டேன்.

"அதான் பாத்தீங்களா? ஆளுக்கு ஆளு மாறினா கணக்கு நிக்காது. அதனால எல்லாருமா சேந்து ஒரே ஒரு ஆளைப் பிடிச்சு நிப்பாட்டிட்டாங்க. காபன் பன்னிரண்டுன்னு ஒரு அணு. அதோட பாரத்துல பன்னிரண்டுல ஒரு பங்குதான் ஒரு ஆள். உலகம் பூரா அதே ஆள்தான். ஐதரசன் ஏறக்குறைய ஒரு ஆள். ஒட்சிசன் பதினாறு ஆள்."

"அப்ப தண்ணி?"

"ரெண்டு ஐதரசன், ஒரு ஒட்சிசன். எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்துங்க. பதினெட்டு ஆள். இப்படிச் சூத்திரத்துல இருக்கிற எல்லாத்தையும் கூட்டினா அதுக்குப் பேரு சூத்திரத்திணிவு."

அடேயப்பா! பள்ளிக்கூடத்துல இதை இப்படி எனக்கு ஒருத்தராவது சொல்லியிருந்தா நானும் ஒரு கை பாத்திருப்பேன். அன்னையில இருந்து எங்க வீட்டுல அணுவுக்கெல்லாம் ஆள் கணக்குத்தான். சாப்பாட்டு உப்பு அம்பத்தெட்டரை ஆள். அந்த அரை ஆள் எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சண்டைக்குப் போனேன். குளோரீனுக்கு முப்பத்தஞ்சரைன்னு போட்டிருக்கு, அணுவுல பாதி உண்டான்னு கேட்டேன். குளோரீன்ல ரெண்டு வகை இருக்காம், ஒண்ணு முப்பத்தஞ்சு, மத்தது முப்பத்தேழு. நாலு குளோரீன் எடுத்தா ஏறக்குறைய மூணு லேசானது, ஒண்ணு பாரமானது. கூட்டிப் பங்கு போட்டா முப்பத்தஞ்சரை.

"அப்ப முப்பத்தஞ்சரை உள்ள குளோரீன் ஒண்ணுகூடக் கிடையாதா?"

"உலகத்துல ஒண்ணுகூடக் கிடையாது."

அன்னைக்கு ஹயர் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இல்லாத ஒண்ணோட எடையைச் சரியா எழுதி, அதை வச்சு இருக்கிறதையெல்லாம் கணக்குப் போடுறாங்க பாருங்க. இதைக் கண்டுபிடிச்சவனுங்களைவிட, ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவுல எனக்கு அதைப் புரிய வச்சாளே, அவளை நெனைச்சுத்தான் எனக்குப் பெருமை தாங்கல.

இவ்வளவு தெளிவா இருக்கிறவ எப்படி ரெண்டு தடவை விழுந்தா? அதுதான் யாருக்கும் விளங்கல. பதுளையில அவளுக்கு டியூஷன் எடுத்த சார், மாதிரிப் பரீட்சை ஒண்ணு வச்சுத் திருத்திக் குடுத்தாரு. அவ தாளை என் மடியில எறிஞ்சிட்டு வெளியில பாத்துக்கிட்டு உக்காந்துட்டா. தாள்ல சிவப்பு மையால ஒரே மாதிரி வட்டம் பல இடத்துல இருந்துச்சு. எல்லா வட்டமும் ஒரு புள்ளியைச் சுத்தித்தான். சூத்திரத்துக்கு நடுவுல ஒரு புள்ளி, அதுக்கு வலப்பக்கம் தண்ணி.

"இது என்ன புள்ளி?"ன்னு கேட்டேன்.

"பளிங்குநீர்"னா. நீலக்கலர் செப்பு சல்பேற்றுப் பளிங்குல, ஒவ்வொரு செப்பு சல்பேற்றோடயும் அஞ்சு தண்ணி கட்டுண்டு இருக்குமாம். பார்க்க ஈரமே இருக்காது, கையில எடுத்தா கல்லு மாதிரி இருக்கும், ஆனா உள்ள தண்ணி இருக்கு. நிறுக்கும்போது அதையும் சேத்துத்தான் நிறுக்கிறோம், அதனால சூத்திரத்திணிவுல அதையும் கூட்டணும். செப்பு சல்பேற்று மட்டும் நூத்தி அம்பத்தொன்பதரை. அஞ்சு தண்ணி தொண்ணூறு. மொத்தம் இருநூத்தி நாப்பத்தொன்பதரை. அவ எழுதியிருந்தது நூத்தி அம்பத்தொன்பதரை. அங்க பிழைச்சதும் அதுக்குக் கீழ இருந்த மூல் கணக்கு, செறிவு, எல்லாம் வரிசையா சரிஞ்சு போச்சு.

"தொண்ணூறு ஆளை வழியில இறக்கி விட்டுட்டுப் போயிட்டியே!"ன்னு சொன்னேன். சிரிப்பான்னு நெனைச்சேன். அழுதா.

"தெரியாம விட்டா பரவாயில்லைங்க. எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லித் தர்றேன், வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றேன். அவசரமா எழுதும்போது என் கை அதைக் கழிச்சிருது. போன தடவையும் இதேதான், அதுக்கு முந்தியும் இதேதான் நடந்திருக்கும். இப்பவும் இதேதான். எனக்கு என்னமோ கோளாறு."

எனக்கு அந்தத் தாள் மேல, புள்ளி மேல, அந்த அஞ்சு தண்ணி மேல எல்லாம் கோபம் வந்துச்சு. ஆனா கோபப்பட்டு என்ன செய்ய? பரீட்சை கிட்ட வந்துக்கிட்டிருந்துச்சு. தெரியாததைச் சொல்லிக் குடுக்கலாம். தெரிஞ்சும் செய்யிற பிழையை யாரு எப்படித் திருத்துறது?

அடுத்த சனிக்கிழமை மாமியாரைப் பாக்கப் போனோம். பசறைக்கு மேல இருக்கிற தோட்டம். நாங்க போனப்ப லயத்து வீட்டுல ஆள் இல்ல, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல இருந்தாங்க. காலையில இருந்து மழைத்தூறல். பொம்பளைங்க இடுப்புல கட்டின சாக்குப் படங்கோட, தலையில ஈரத்துணியோட வரிசையில நின்னாங்க. கணக்கப்பிள்ளை குடையைக் கழுத்துல இடுக்கிக்கிட்டுத் தராசுக்குப் பக்கத்துல நின்னாரு. இப்ப எல்லாம் டிஜிட்டல் தராசு. சாக்கைக் கொக்கியில மாட்டினா சிவப்பு எழுத்துல எடை விழும். அதுல சாக்குக்குக் கொஞ்சம் கழிப்பாங்க. இலை ஈரமா இருந்தா தண்ணிக்குக் கொஞ்சம் கழிப்பாங்க. சிலநேரம் வெயில் அடிச்சாலும் தண்ணிக்குக் கழிப்பாங்க, அதைப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்னைக்கு உண்மையிலேயே மழை, அதனால நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

மாமியாரோட சாக்கு மாட்டினாங்க. இருபத்திரண்டுன்னு விழுந்துச்சு. கணக்கப்பிள்ளை வாயைத் தொறக்கிறதுக்குள்ள என் பக்கத்துல இருந்து சத்தம் வந்துச்சு: "பத்தொன்பது."

என் பொண்டாட்டிதான்.

கணக்கப்பிள்ளையும் "பத்தொன்பது"ன்னாரு. மாமியார் தலையை ஆட்டிக்கிட்டாங்க. அவங்களுக்கு அது பழக்கம். மக சின்னப் பிள்ளையா இருந்த காலத்துல இருந்தே லீவு நாள்ல மடுவத்துக்கு வந்து நிப்பாளாம். அம்மாவுக்கு மட்டும் இல்ல, வரிசையில நிக்கிற எல்லாருக்கும் இவதான் மனக்கணக்கு. தராசுல எடை விழுந்ததும் சாக்கைக் கழிச்சு, தண்ணியைக் கழிச்சு, மிச்சத்தைச் சொல்லிருவா. ஆபீஸ்ல கூடக் குறைய எழுதிட்டா கேக்கலாம் இல்லையா, அதுக்குத்தான். பின்னால நின்ன ஒரு அம்மா, "எனக்கும் பாத்துச் சொல்லு பாப்பா"ன்னாங்க.

அவ திரும்பல, தராசு எழுத்தையே பாத்தா. கையைப் பிடிச்சேன், சில்லுனு இருந்துச்சு.

"என்ன? உடம்புக்கு முடியலையா?"

"நான் இப்ப என்ன செஞ்சேன்?"ன்னு கேட்டா.

"கணக்குச் சொன்ன."

"எதைக் கழிச்சேன்?"

"சாக்கை. அப்புறம் தண்ணியை."

"யாராவது கழிக்கச் சொன்னாங்களா?"

அப்பதான் எனக்கும் உறைச்சுச்சு. தண்ணின்னு ஒண்ணு எடையில இருந்தா அதைத் தூக்கிப் போட்டுறணும்னு இந்த மடுவத்துல இத்தனை வருசமா அவ மூளைக்குப் பழக்கிட்டாங்க. அது கோளாறு இல்ல, அளவுக்கு மிஞ்சின பயிற்சி! கொழும்புல பிறந்த பிள்ளைக்கு இந்தப் பிழை வருமா? தராசையே பாக்காத பிள்ளை எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிரும். எங்க பிள்ளைதான் கழிக்கும். எனக்கு அந்த இடத்துலயே அழுகை வந்துச்சு, கோபமும் வந்துச்சு. அவளுக்கோ சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, மழையில நின்னு, அப்படி ஒரு சிரிப்பு. "கண்டுபிடிச்சிட்டேன்! கண்டுபிடிச்சிட்டேன்!"ன்னு கத்துறா. கணக்கப்பிள்ளை மிரண்டு போய்த் தராசைத் தட்டிப் பாத்தாரு.

வீட்டுக்கு வந்து மாமியாருக்கு விளக்கினா. "அம்மா, இலை மேல ஒட்டியிருக்கிற தண்ணி வேற. அது மழையோடது, இலையோடது இல்ல. இந்த உப்புக்குள்ள இருக்கிற தண்ணி உப்போடது. அதைக் கழிக்கக்கூடாது." மாமியாருக்கு என்ன புரிஞ்சுச்சோ தெரியாது. "அப்ப கழிக்காம எழுதிரு"ன்னு சொல்லிட்டு ரொட்டி சுடப் போயிட்டாங்க. அவ்வளவு லேசா இருந்தா நாங்க ஏன் இப்படி அலையுறோம்னு மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டேன்.

மறுபடி பசறைக்கு வந்ததும் அவ என்கிட்ட ஒரு சாமான் கேட்டா. மயில்துத்தம். நம்ம சனத்துக்கு அந்தப் பேருலதான் செப்பு சல்பேற்றைத் தெரியும், தோட்டக்காரங்க மருந்தடிக்க வாங்குவாங்க. வெலிமடைக்கு ஒரு ஹயர் போனப்ப மருந்துக்கடையில கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன். என்ன ஒரு நீலம்! பொடிப்பொடியா கண்ணாடிக் கல்லு மாதிரி. "இது விஷம், சட்டி பானையில போட்ட, அப்புறம் இந்த வீட்டுல நான் சோறு திங்கமாட்டேன்"னு முன்கூட்டியே சொல்லிட்டேன். அவ வீட்டுக்குப் பின்னால கல்லுக் கூட்டி அடுப்பு வச்சு, டின்மீன் மூடியில கொஞ்சம் போட்டு, சின்ன நெருப்புல சூடாக்கினா. மூடி மேல பிடிச்ச கண்ணாடித் துண்டுல ஆவி படிஞ்சு நீர்த்துளியா நின்னுச்சு. காஞ்ச கல்லுல இருந்து தண்ணி வருது! நான் குனிஞ்சு பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமா நீலம் போயிருச்சு. கடைசியில மூடியில கிடந்தது சாம்பல் பூத்த வெள்ளைத் தூள்.

"நீலம் எங்க?"ன்னு கேட்டேன். நெசமாவே எதையோ கெடுத்துட்ட மாதிரி இருந்துச்சு.

"தண்ணியோட போயிருச்சு. அந்த நீலத்துக்குக் காரணமே தண்ணிதாங்க."

மூடி ஆறின பிறகு ஒரே ஒரு சொட்டுத் தண்ணி விட்டா. விழுந்த இடத்துல மறுபடி நீலம் பூத்துச்சு. அவ அதையே பாத்துக்கிட்டு ரொம்பநேரம் குந்தியிருந்தா. "இத்தனை நாளா இதை நான் மழைத்தண்ணின்னே நெனைச்சுட்டேன்"னு மெதுவா சொன்னா. பிறகு சட்டுனு எழும்பிப் போய்ப் பேனாவை எடுத்தா.

அவ கண்டுபிடிச்ச வழி ரொம்பச் சாதாரணம், ஆனா எனக்குத் தோணியிருக்காது. சூத்திரத்தைப் பாத்ததும் இடப்பக்கத்துல இருந்து கூட்டுறதுதானே எல்லாருக்கும் வழக்கம்? தண்ணி கடைசியில வரும், கடைசியில வர்றதுதான் கழிபடும். இவ தலைகீழா ஆரம்பிச்சா. புள்ளி இருக்கான்னு முதல்ல பாப்பா. இருந்தா முதல் வரியில தண்ணி. அஞ்சு தரம் பதினெட்டு தொண்ணூறு. அதை எழுதி அடியில கோடு போட்ட பிறகுதான் செப்புக்கே போவா. "முதல்ல ஏறினவங்களை இறக்க முடியாதுல்ல?"ன்னு என்னைக் கேட்டா. முடியாதுதான். முதல்ல ஏறினவன் உள்பக்கமா நகந்து உக்காந்திருப்பான், அவனை எப்படி இறக்குறது?

அதுக்கப்புறம் ஸ்டாண்டுல எங்க பேச்சே அதுதான். வளைவுல வண்டி திருப்பும்போது நான் கத்துவேன், "மக்னீசியம் சல்பேற்று, ஏழு தண்ணி!" பின்னால இருந்து பதில் வரும், "நூத்தி இருபத்தாறு, அதோட நூத்தி இருபது, இருநூத்தி நாப்பத்தாறு!" ஏறியிருக்கிற சனம் ஒண்ணும் புரியாம முழிக்கும். ஒரு பெரியவர், "என்ன தம்பி, யாரு அது, ஏலம் விடுறாங்களா?"ன்னாரு. மக்களே, சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்க்கையில நான் ரொம்பச் சந்தோசமா வண்டி ஓட்டின காலம் அதுதான்.

பரீட்சைக்குப் பதுளைக்கு நானே கூட்டிக்கிட்டுப் போனேன். பனிமூட்டம், ஹெட்லைட் போட்டுக்கிட்டு ஊந்து ஊந்து போனோம். மண்டப வாசல்ல அவ சிலுவை போட்டுக்கிட்டா. அவ வேதக்காரப் பிள்ளை, நான் முருகனைக் கும்பிடுறவன். நான் என் பக்கத்துக்கு முருகனைக் கூப்பிட்டேன். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா நல்லதுதானே. உள்ள போறதுக்கு முந்தி திரும்பிப் பாத்து, "பயமா இருக்குங்க"ன்னா. "எனக்கும்தான்"னு சொன்னேன். வேற என்ன சொல்றது? பொய் சொல்லிப் பழக்கமில்ல.

கெமிஸ்ட்ரி ரெண்டாவது தாள் முடிஞ்சு அவ வெளியில வந்தப்ப முகத்துல ஒண்ணும் தெரியல. ஆட்டோவுல ஏறினா. தண்ணிப் போத்தலை எடுத்துப் பாதி குடிச்சா. நானும் பொறுத்துப் பாத்தேன், முடியல.

"புள்ளி வந்துச்சா?"

"வந்துச்சு. பத்துத் தண்ணி."

"கழிச்சியா?"

"நூத்தி எண்பது ஆளையும் முதல்லயே ஏத்திட்டேன். இன்னொரு தடவை கழிச்சியான்னு கேட்டீங்கன்னா உங்களைக் கழிச்சிருவேன்."

அவ்வளவுதான் சொன்னா. பசறை வர்ற வரைக்கும் தூங்கிட்டா. நான் வண்டியை மெதுவா ஓட்டினேன், குழியில விழாம.

முடிவு வர்ற வரைக்கும் இருந்த நாளெல்லாம் என்னால சொல்லி மாளாது. அவ சாதாரணமா இருந்தா, அம்மாவுக்கு ஒத்தாசைக்குத் தோட்டத்துக்குப் போனா, துவைச்சா, சமைச்சா. நான்தான் செத்துப் பிழைச்சேன். இவளுக்கு இது கிடைக்கலைன்னா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்த அட்டவணைக்கு முன்னால வண்டி ஓட்டுறதுன்னு இருந்துச்சு. அதைக் கிழிக்கவும் மனசு வராது.

முடிவு வந்த அன்னைக்கு மாமியார் வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருந்தோம், நடுவழியில கூட்டாளி ஒருத்தன் போன் பண்ணிச் சொன்னான். தோட்டத்துக்குள்ள சிக்னல் இருக்காது. கோயில் வளைவுல மட்டும் ஒரு கோடு, ரெண்டு கோடு எடுக்கும். வண்டியை ஓரம் கட்டினேன், அவ போன்ல பரீட்சைச் சுட்டெண்ணை அடிச்சா. சுத்துது, சுத்துது, நிக்கவே மாட்டேங்குது. போனை அவதான் பிடிச்சிருந்தா. பக்கம் தொறந்துச்சு. உயிரியல் பாஸ். பௌதிகவியல் பாஸ். அவ விரலால மெதுவா மேல தள்ளினா.

இரசாயனவியலுக்கு நேரா 'சி'. நல்ல பாஸ்!

நான் வண்டியில தலையைச் சாச்சுக்கிட்டு அழுதேன். வெக்கமில்லாம, சத்தம் போட்டு அழுதேன். கொழுந்துச் சாக்கு ஏத்திக்கிட்டுப் போன டிராக்டர்க்காரன் வண்டி மோதிருச்சுன்னு நெனைச்சு நிப்பாட்டிட்டான். அவ என் தலையில கையை வச்சு, "எழும்புங்க, அம்மாகிட்டப் போகணும்"னா. இனி விண்ணப்பம் இருக்கு, நேர்முகம் இருக்கு, அது வேற விசயம். பூட்டியிருந்த கதவு அன்னைக்குத் தொறந்துருச்சு.

மாமியார் மடுவத்துல, வரிசையில நின்னாங்க. அன்னைக்கும் மழை, அன்னைக்கும் படங்குல ஈரம் சொட்டுது. அவ ஓடிப்போய்க் காதுல சொன்னா. அந்த மனுசி முதல்ல சிரிக்கல, அழல. மகளோட முகத்தை ஈரக்கையால ரெண்டு பக்கமும் தடவி, "அந்தத் தண்ணியையும் சேத்து எழுதினியா?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னைக்கு ரொட்டி சுடப் போனவங்க, ஒரு சொல்லையும் விடாமக் கேட்டிருக்காங்க.

"சேத்துத்தான்மா எழுதினேன்."

அப்ப அவங்க சாக்கை மாட்டினாங்க. சிவப்பு எழுத்து விழுந்துச்சு. கணக்கப்பிள்ளை வழக்கம்போல வாயைத் தொறந்தாரு, "சாக்குக்கு, தண்ணிக்கு..." மாமியார் கையைக் காட்டி அவரை நிப்பாட்டினாங்க. சத்தமா பேசி நான் கேட்டதே இல்லாத மனுசி, மடுவம் பூரா கேக்கிற மாதிரி சொன்னாங்க:

"ஐயா, எம்மவ பரீட்சையில தண்ணியையும் சேத்து எழுதினா. அதுக்கும் மார்க்குப் போட்டுட்டாங்க. எம்மவ நர்ஸாகப் போறா, பதுளை ஆஸ்பத்திரியில நம்ம சனத்துகிட்ட எங்க நோவுதுன்னு தமிழ்ல கேக்கப் போறா."

வரிசையில ஒரு அம்மா படங்கால கண்ணைத் துடைச்சாங்க, இன்னொரு அம்மா குலவை போட்டாங்க. கணக்கப்பிள்ளைக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. சிரிக்கவும் செஞ்சாரு, என்னையும் பாத்தாரு, தராசையும் பாத்தாரு.

மாமியார் சாக்கைத் தட்டிக் குடுத்துச் சொன்னாங்க, "கழிச்சுக்கங்க ஐயா. இன்னைக்கு எவ்வளவு வேணும்னாலும் கழிச்சுக்கங்க."